ஷெரிஃப் போலீஸ் அதிகாரியா, கலெக்டரா?

கேள்வி: பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்து பற்றிய வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கம் செய்து வருகிறேன். 'ஷெரீப்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. முதலில் 'காவல்துறைத் தலைவர்' என்று போட்டேன். அடுத்த அத்தியாயத்தில் அதே ஆள் பணம் வசூலிக்கிறார், நீதிமன்றம் கூட்டுகிறார், நாடாளுமன்றத்துக்கு ஆள் தேர்ந்து அனுப்புகிறார். 'மாவட்ட ஆட்சியர்' என்று மாற்றிவிடலாம் என்கிறார் பதிப்பாசிரியர். மேற்கோள்களில் வரும் 'விசெகோமெஸ்' என்ற லத்தீன் சொல்லை அகராதி பார்த்து 'வைகவுண்ட்' என்று எழுதியிருக்கிறேன். எது சரி? நவாஸ் ஷெரீப் என்ற பெயரில் உள்ள சொல்லுக்கும் இதற்கும் உறவு உண்டா? மாதிரிக்குச் சில பக்கங்கள் இணைத்துள்ளேன்.

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். உறவு இல்லை. பெயரில் வருவது அரபுச் சொல். மேன்மையானவர் என்று பொருள், நபிகளின் வழித்தோன்றல்களுக்கு வழங்கிய பட்டம். இங்கிலாந்துப் பதவியின் பெயர் பழைய ஆங்கிலத்தில் 'ஷிர்-யெரேவா' என்று ஒலித்த கூட்டுச்சொல். முதல் பாதி 'ஷயர்', அதாவது கவுண்டி என்னும் நிலப்பிரிவு. இரண்டாம் பாதி 'ரீவ்', ஒருவர் சார்பில் பொறுப்பெடுத்து நடத்துபவர். நம் செய்தித்தாள்கள் இரண்டையுமே 'ஷெரீப்' என்று எழுதிப் பழக்கிவிட்டதால்தான் இந்தச் சந்தேகம் எழுகிறது. உங்கள் நூலில் பதவியை 'ஷெரிஃப்' என்று குறிலோடும் ஆய்தத்தோடும் எழுதுங்கள். பார்த்த மாத்திரத்தில் வேறு சொல் என்று தெரியும்.

இன்னொரு குழப்பத்தையும் முன்கூட்டியே எதிர்பாருங்கள். சென்னையிலும் ஷெரிஃப் இருந்தார். 1726-ன் அரச சாசனத்தோடு வந்த பதவி அது, 1998-ல் ஒழிக்கப்பட்டது. கடைசிக் காலத்தில் நகரப் பிரமுகர் ஒருவருக்கு ஓராண்டு கௌரவமாக அளிக்கப்பட்டது. நடுவயது கடந்த வாசகர் 'ஷெரிஃப்' என்றதும் அந்த விழா நாயகரைத்தான் நினைப்பார். இளையவர் அமெரிக்கப் படங்களில் நட்சத்திரச் சின்னம் குத்திய போலீஸ்காரரை நினைப்பார். இரண்டும் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு ஒவ்வா. ஆகவே சொல்லை அப்படியே ஒலிபெயர்த்துவிட்டால் மட்டும் வேலை முடியாது. நூலின் தொடக்கத்தில் அரைப் பக்கக் குறிப்பு கட்டாயம் வேண்டும்.

இனி 'காவல்துறைத் தலைவர்' ஏன் பொருந்தாது என்று பார்ப்போம். அக்கால இங்கிலாந்தில் காவல்துறை என்ற ஒன்றே கிடையாது. சம்பளத்துக்குச் சீருடை அணிந்து ரோந்து போகும் ஆட்கள் யாரும் இல்லை. கூக்குரல் எழுந்தால் ஊரார்தான் ஓடித் துரத்த வேண்டும். ஓடாவிட்டால் அபராதம். பெரிய கலகமென்றால் கவுண்டியின் ஆண்களை ஷெரிஃப் திரட்டுவார். கைதிகளை அடைத்துவைக்கும் கொட்டடி அவர் பொறுப்பு. அவ்வளவுதான் அவருடைய 'காவல்' பங்கு. அவருடைய ஆண்டின் பெரும்பகுதி வேறு வேலைகளில் கழிந்தது: அரசருக்குச் சேர வேண்டிய பணம், அரசர் பெயரில் வரும் எழுத்தாணைகள், கவுண்டியின் கூட்டங்கள்.

'ரீவ்' என்ற சொல் தனியாகவும் உங்கள் நூலில் வருகிறது. எல்லா இடத்திலும் 'அதிகாரி' என்று போட்டிருக்கிறீர்கள். அது பல படிநிலைகளுக்குப் பொதுவான சொல். லண்டன் நகரத்துக்குத் துறைநகர ரீவ் இருந்தார். இங்கிலாந்தை வென்ற நார்மன் மன்னர் வில்லியம் 1067 வாக்கில் லண்டன் மக்களுக்கு எழுதிய புகழ்பெற்ற சிறு ஓலை, ஆயருக்கு அடுத்தபடி காஸ்ஃப்ரித் என்னும் அந்த ரீவை விளித்துத்தான் தொடங்குகிறது. மறுமுனையில், ஒரு பிரபுவின் கிராமத்து ரீவ் பெரும்பாலும் அடிமைக் குடியானவர். ஊரார் நடுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, உழவு, அறுவடை, கணக்கு எல்லாவற்றுக்கும் பிரபுவுக்குப் பதில் சொல்பவர். இவருக்கு 'மணியக்காரர்' என்பது வேலையளவில் நெருங்கிய சொல். ஆனால் நம்மூர் மணியக்காரர் ஊரில் அந்தஸ்து உள்ளவர். கிராமத்து ரீவுக்கு அந்தஸ்து கிடையாது, பலர் பணம் கட்டித் தப்பித்துக்கொள்ளப் பார்த்த பொறுப்பு அது. அதனால் 'பண்ணை மேற்பார்வையாள்' என்பதே மேல்.

அடுத்தது 'விசெகோமெஸ்'. இங்கேதான் உங்கள் கையெழுத்துப்படியில் பெரிய பிழை இருக்கிறது. நார்மன்கள் 1066-ல் வந்தபோது அவர்கள் ஊரில் கோமகனுக்காகப் பகுதிகளை நிர்வகித்தவருக்கு 'விகோம்ட்' என்று பெயர். இங்கிலாந்தின் ஷெரிஃப் அவர்கள் கண்ணுக்கு அதே போன்ற ஆளாகத் தெரிந்ததால் லத்தீன் ஆவணங்களில் அவரை 'விசெகோமெஸ்' என்று எழுதினார்கள். சொல்லைப் பிரித்தால் 'எர்லின் பதிலாள்' என்று வரும் (எர்ல் என்பது உயர்ந்த பிரபுப் பட்டம்). அந்தப் பிரிப்பை நம்பி 'துணைப் பிரபு' என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு. நடைமுறையில் ஷெரிஃப் எர்லுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. அரசரின் ஆள், அரசரால் அமர்த்தப்பட்டு அரசரால் நீக்கப்படுபவர். பல கவுண்டிகளில் எர்லுக்குக் கிடைத்ததெல்லாம் கவுண்டி மன்ற வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அதையும் ஷெரிஃப்தான் கணக்கில் காட்டிக் கொடுத்தார்.

'வைகவுண்ட்' என்ற பிரபுப் பட்டம் இங்கிலாந்தில் முதன்முதலாக வழங்கப்பட்டது 1440-ல், ஜான் போமான்ட் என்பவருக்கு. அதற்கு முந்தைய இங்கிலாந்து ஆவணம் எதிலும் ஒரு கவுண்டியின் பெயரோடு 'விசெகோமெஸ்' வந்தால் அது ஷெரிஃப்தான். 1440-க்குப் பின்னரும் கணக்கு ஒப்புவிப்பு, எழுத்தாணை, தேர்தல் சார்ந்த இடங்களில் ஷெரிஃப்தான். ஆள் பெயரோடு பட்டமாக ஒட்டி வந்து, பிரபுக்கள் வரிசையில் நின்றால் மட்டும் வைகவுண்ட். உங்கள் மாதிரிப் பக்கங்களில் உள்ள மேற்கோள்கள் எல்லாம் 1220-க்கு முந்தையவை. ஒன்றுவிடாமல் மாற்றுங்கள்.

அதைவிடச் சிக்கலானது 'ஃபார்ம்'. 'யார்க் ஷெரிஃபின் பண்ணை', 'கவுண்டிப் பண்ணையின் வருமானம்' என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பண்ணை எதுவும் இல்லை. லத்தீன் 'ஃபிர்மா' என்பது நிலையாக வரையறுத்த தொகை. நம் 'குத்தகை' அதற்கு அப்படியே பொருந்தும். அரசரின் சொந்த நிலங்களின் வருமானம், மன்றங்களில் விழும் அபராதம், வழக்கமான சிறு கொடைகள் ஆகியவற்றை ஒட்டுமொத்தமாகக் கணித்து, 'இந்தக் கவுண்டிக்கு ஆண்டுக்கு இவ்வளவு' என்று தொகை வைத்தார்கள். அதைக் கட்டுவது ஷெரிஃபின் கடமை. அதற்கு மேல் வசூலானது அவருக்கு, குறைந்தால் அவர் கையிலிருந்து. அந்த ஒரு ஏற்பாடுதான் உங்கள் நூலில் வரும் புகார்களில் பாதிக்குக் காரணம். லண்டனும் மிடில்செக்ஸும் சேர்ந்து 300 பவுண்டுக் குத்தகை என்று 1199-ல் ஜான் மன்னர் லண்டன்காரர்களுக்குச் சாசனம் கொடுத்தார். 'லண்டன் நகரம் 300 பவுண்டுக்குப் பண்ணையை வாங்கியது' என்ற உங்கள் வாக்கியத்தின் உண்மைப் பொருள் இதுதான்: தங்கள் ஷெரிஃப்களைத் தாங்களே தேர்ந்து, ஆண்டுக்கு 300 பவுண்டு குத்தகைத் தொகை கட்டும் உரிமையை நகரத்தார் பெற்றார்கள்.

குத்தகை முறை எப்படிக் கசப்பாகும் என்பதற்கு, நூலில் போகிற போக்கில் வரும் கேம்பிரிட்ஜ் ஷெரிஃப் பிக்கோவின் கதை நல்ல சான்று. வில்லியம் மன்னர் எடுத்த நிலக் கணக்கெடுப்பான 1086-ன் டூம்ஸ்டே பதிவேட்டில் நகரத்தார் முறையிடுகிறார்கள்: நார்மன்களுக்கு முந்தைய எட்வர்ட் மன்னர் காலத்தில் ஆண்டுக்கு மூன்று முறை ஷெரிஃபுக்கு ஏர் இரவல் கொடுத்தோம், இப்போது ஒன்பது முறை கேட்கிறார்கள். நீங்கள் இதை 'ஒன்பது கலப்பைகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கை முறைக்கு, கலப்பைக்கு அல்ல. ஏர் என்றால் மாடும் ஆளும் சேர்ந்தது. உழவுப் பருவத்தில் அதை ஒன்பது முறை விட்டுக்கொடுப்பவனின் நிலம் என்னாகும் என்று தமிழ் வாசகருக்கு விளக்கவே வேண்டியதில்லை. சொல் சரியாக இருந்தால் போதும்.

நூலின் நான்காம் அத்தியாயம் முழுவதும் கருவூலக் கணக்குச் சுருள்களை நம்பி நிற்பதால், அவற்றை வாசிக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 'பைப் ரோல்' எனப்படும் இந்தச் சுருள்களில் இன்று எஞ்சியுள்ளவற்றில் மிகப் பழையது 1129-30-ம் ஆண்டுக்கானது. இரண்டாம் ஹென்றியின் ஆட்சித் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய விடாமல் கிடைக்கின்றன. கணக்காண்டு செப்டம்பர் 29, மிக்கேல் அதிதூதர் திருநாளோடு முடிகிறது. அதனால்தான் இரட்டை ஆண்டாகக் குறிக்கிறார்கள். '1129 முதல் 1130 வரை இரண்டு ஆண்டுகள்' என்று நீங்கள் எழுதியது ஒரே ஆண்டு. ஷெரிஃப் ஆண்டுக்கு இரண்டு முறை கருவூலத்துக்கு வர வேண்டும். ஈஸ்டரில் ஏறக்குறைய பாதித் தொகையைக் கட்டுவார். மிக்கேல் திருநாளில் முழுக் கணக்கு. சுமார் பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேசை மேல் கட்டம் போட்ட துணியை விரித்து, காய்களை நகர்த்திக் கணக்குப் பார்த்தார்கள். கருவூலத்தின் ஆங்கிலப் பெயரே அந்தச் சதுரங்கத் துணியிலிருந்து வந்தது. 'கருவூல மேசை' என்று மூலத்தில் வரும் இடங்களில் அலங்காரச் சொல் என்று நினைத்து விட்டுவிட்டீர்கள். அது மெய்யான மேசை, திருப்பிச் சேருங்கள்.

ஒரு கவுண்டியின் பதிவு எப்போதும் ஏறத்தாழ ஒரே வரிசையில் செல்லும். முதலில் ஷெரிஃபின் பெயர், 'கணக்கு ஒப்புவிக்கிறார்' என்ற தொடர், எதற்கு என்ற விவரம். பிறகு 'கருவூலத்தில்' என்று தொடங்கி, கட்டிய தொகை. அடுத்து நிலையான தருமங்களும் மானியங்களும். அதற்கடுத்து 'கொடுக்கப்பட்ட நிலங்கள்': அரசர் யாருக்காவது நிலத்தைத் தானமாக அளித்திருந்தால் அதன் வருமானம் ஷெரிஃபுக்கு வராது, ஆகவே அந்தத் தொகையைக் கழித்துக்கொள்கிறார்கள். இதை 'ஷெரிஃப் நிலம் கொடுத்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுத்தவர் அரசர், ஷெரிஃபுக்கு அது கழிவு. பிறகு அரசரின் எழுத்தாணைப்படி செய்த செலவுகள்: கோட்டை மராமத்து, கைதிகளை அழைத்துச் செல்வது, அரசருக்குத் தானியமும் மதுவும் அனுப்புவது. ஆணை கையில் இல்லாத செலவைக் கருவூலம் ஏற்காது. கடைசியில் மூன்று முடிவுகளில் ஒன்று வரும்: 'இன்னும் தர வேண்டியது இவ்வளவு', 'மிகுதியாகக் கொடுத்தது இவ்வளவு', அல்லது 'அவர் குயிட்'. இந்த மூன்றாவதை 'அவர் பதவி விலகினார்' என்று ஐந்து இடங்களில் மொழிபெயர்த்திருக்கிறீர்கள். யாரும் விலகவில்லை. கணக்கு நேராகிவிட்டது, பாக்கி இல்லை. 'கணக்குத் தீர்ந்தது' என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே ஆள் அதே கவுண்டிக்குக் கணக்கு ஒப்புவிப்பதை அப்போதுதான் வாசகர் குழம்பாமல் ஏற்பார்.

தொகைக்குப் பக்கத்தில் 'எண்ணிக்கைப்படி' என்றோ 'வெண்மை' என்றோ வரும். எண்ணிக்கைப்படி என்றால் 240 வெள்ளிப் பென்னி கொடுத்தால் ஒரு பவுண்டு. 'வெண்மை' என்பது தரச் சோதனை. கொண்டுவந்த நாணயங்களிலிருந்து ஒரு பவுண்டை எடுத்து உருக்கி, கலப்பு எவ்வளவு என்று பார்த்து, குறையை மொத்தத் தொகைக்கும் ஈடுகட்டச் சொல்வார்கள். 'வெள்ளைப் பணம்' என்று மொழிபெயர்த்தால் இன்றைய வாசகர் வருமான வரிக்குள் போய்விடுவார். 'உருக்கிச் சோதித்த பவுண்டு' என்பதே தெளிவு. 'மார்க்' என்பது நாணயம் அல்ல, கணக்கு அலகு. 13 ஷில்லிங் 4 பென்னி, அதாவது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. 'மார்க் நாணயங்கள் நிறைந்த பை' என்ற உங்கள் வரியை நீக்கிவிடுங்கள்.

கட்டிய பணத்துக்கு ரசீது, குச்சி. 'டாலி' என்ற இந்தக் கணக்குக் குச்சியில் 1,000 பவுண்டுக்கு உள்ளங்கைத் தடிப்பளவு வெட்டு, 100-க்குக் கட்டைவிரல் அளவு, 20-க்குச் சுண்டுவிரல் அளவு, ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணியளவு. பென்னிக்கு மரத்தைச் செதுக்காமல் ஒரு கீறல் மட்டும். பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஒரு பாதி ஷெரிஃபுக்கு, மறுபாதி கருவூலத்துக்கு. இரண்டையும் சேர்த்துப் பொருத்தினால்தான் வெட்டுகள் ஒன்றுகூடும், திருட்டு வெட்டு உடனே தெரிந்துவிடும். ஷெரிஃப் இந்தக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி மிக்கேல் திருநாளுக்குக் கொண்டுவந்தார். 'ஷெரிஃப் விறகுக் கட்டுடன் வெஸ்ட்மின்ஸ்டர் சென்றார்' என்ற வாக்கியம் ஏன் தவறு என்று இப்போது புரிந்திருக்கும். நூற்றாண்டுகளாகச் சேர்ந்துகிடந்த இந்தக் குச்சிகளை 1834 அக்டோபரில் அடுப்பிலிட்டு எரித்தபோதுதான் தீ பரவிப் பழைய நாடாளுமன்றக் கட்டடமே சாம்பலானது.

மன்றங்களுக்கு வருவோம். இங்கே 'ஷெரிஃப் தீர்ப்பளித்தார்' என்று எழுதும்போது எச்சரிக்கை தேவை. கவுண்டி மன்று பெரும்பாலான இடங்களில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூடும். ஷெரிஃப் தலைமையில் அமர்வார், ஆனால் தீர்ப்புச் சொல்பவர்கள் அங்கே வந்தே ஆகவேண்டிய நிலக்காரர்கள். ஊர்க்கூட்டத்தில் நாட்டாண்மை கூட்டத்தை நடத்த, பெரியவர்கள் முடிவு சொல்வதை ஓரளவு ஒப்பிடலாம். 'மன்று தீர்ப்பளித்தது' என்று எழுதினால் பிழை வராது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இந்த மன்றில் கடன், சரக்கு வழக்குகளுக்கு 40 ஷில்லிங் வரம்பு வந்துவிட்டது. பெரிய வழக்குகள் அரசரின் நீதிபதிகளிடம் போயின.

'டர்ன்' என்பது வேறு. ஷெரிஃப் ஆண்டுக்கு இரண்டு முறை தன் கவுண்டியின் ஹண்ட்ரட்களைச் சுற்றிவந்து நடத்தும் மன்று. சிறு குற்றங்களுக்கு அவரே நீதிபதி. 'சுற்று மன்று' என்று வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி சுற்றி அபராதம் பிடுங்குகிறார்கள் என்ற புகார் எழுந்ததால், அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தின் 1217 மறுவெளியீடு இதை ஆண்டுக்கு இரண்டு என்று கட்டுப்படுத்தியது. 'ஹண்ட்ரட்' என்பதை 'நூறு' என்று எழுதியிருக்கிறீர்கள், 'ஷெரிஃப் நூறுகளுக்குச் சென்றார்' என்று வாக்கியம் தொங்குகிறது. அது கவுண்டிக்குள் அடங்கிய நிலப்பிரிவு. ஒலிபெயர்ப்பே போதும். வடக்கிலும் கிழக்கிலும் அதே பிரிவுக்கு 'வாப்பன்டேக்' என்று பெயர், பதறி வேறு சொல் தேட வேண்டாம்.

எழுத்தாணைகள்தான் ஷெரிஃபின் அன்றாடம். அரசரின் மன்றங்கள் ஒருவரை அழைக்கவோ, பிடிக்கவோ, பொருளை முடக்கவோ வேண்டுமென்றால் ஷெரிஃபுக்கு ஆணை போகும். அவர் செய்துவிட்டு, அதன் பின்புறமோ இணைப்பிலோ பதில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். 'ஆளைப் பிடித்துவிட்டேன்', 'ஆள் அகப்படவில்லை', 'முடக்குவதற்குப் பொருள் எதுவுமில்லை', 'தனியுரிமைப் பகுதியின் பெய்லிஃபிடம் ஒப்படைத்தேன், அவர் பதில் தரவில்லை'. பொய்ப் பதில் எழுதுவது பெரிய ஊழலாக இருந்ததால் 1285-ன் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அதற்குத் தண்டனை வைத்தது. ஆகவே மூலத்தில் 'ஷெரிஃபின் ரிட்டர்ன்' என்று வந்தால் அது 'ஷெரிஃப் திரும்பி வந்தது' அல்ல, ஆணைமீது எழுதி அனுப்பிய பதில். 'டிஸ்ட்ரெயின்' என்பதற்கு 'துன்புறுத்தினார்' என்று போட்டிருக்கிறீர்கள். நம்மிடம் கச்சிதமான சொல் இருக்கிறது: ஜப்தி. பெய்லிஃபுக்கும் கோர்ட் அமீனாவின் வேலை நெருக்கமானது. இலங்கை வாசகருக்கு நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் பிஸ்கால் நினைவுக்கு வருவார். அடிக்குறிப்பில் இந்த ஒப்புமைகளைச் சொல்லலாம், நூலின் பாடத்தில் ஒலிபெயர்ப்பையே வையுங்கள்.

ஒருவரை 'அவுட்லா' ஆக்குவதும் ஷெரிஃப் வழியாகத்தான். அடுத்தடுத்த ஐந்து கவுண்டி மன்றங்களில் பெயர் கூவி அழைத்தும் வராதவர் சட்டத்தின் பாதுகாப்பை இழப்பார். 'கொள்ளைக்காரன்' என்ற உங்கள் தமிழாக்கம் தவறான படத்தைத் தருகிறது. கடன் வழக்கில் ஆஜராகாதவர்கூடப் பிற்காலத்தில் இந்த நிலைக்கு ஆளானார். 'சட்டப் பாதுகாப்பு இழந்தவர்' என்று முதல் இடத்தில் விளக்கிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அதிகாரத்தை ஓரிடத்தில் வைத்த அரசர்களே அதைக் கண்டு அஞ்சினார்கள் என்பதை நூலின் ஓட்டத்தில் தொலையவிடாதீர்கள். சில இடங்களில் பதவி பரம்பரைச் சொத்தாகவே ஆகிவிட்டிருந்தது. வெஸ்ட்மர்லாந்தில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. 1170-ல் இரண்டாம் ஹென்றி நார்மண்டியிலிருந்து திரும்பியதும் ஷெரிஃப்கள்மீது நாடு தழுவிய விசாரணை வைத்து, பெரும்பாலோரை நீக்கினார். 1194-ல் ஒவ்வொரு கவுண்டியிலும் மூன்று நைட்களும் (வீரப் பட்டம் பெற்ற நிலக்காரர்கள்) ஓர் எழுத்தரும் தேர்ந்தெடுக்கப்பட்டு அரச வழக்குகளின் பதிவைக் காக்க வேண்டும் என்ற விதி வந்தது. கொரோனர் பதவியின் தொடக்கம் அது. அதே ஆண்டு, எந்த ஷெரிஃபும் தன் கவுண்டியில் அரசரின் நீதிபதியாக அமரக் கூடாது என்றும் வந்தது. 1215-ன் மாக்னா கார்ட்டாவில் 24-ம் பிரிவு, ஷெரிஃபோ கோட்டைக் காவலரோ கொரோனரோ பெய்லிஃபோ அரச வழக்குகளை விசாரிக்கக் கூடாது என்கிறது. 30-ம் பிரிவு, சுதந்திர மனிதரின் குதிரையையும் வண்டியையும் அவர் சம்மதமின்றி எடுக்கக் கூடாது என்கிறது. 45-ம் பிரிவு, நாட்டுச் சட்டம் அறிந்தவர்களையே இந்தப் பதவிகளில் அமர்த்துவோம் என்று அரசரை உறுதியளிக்கவைக்கிறது. 50-ம் பிரிவு சிலரைப் பெயர் சொல்லியே நீக்குகிறது. அவர்களில் ஒருவர் ஃபிலிப் மார்க், நாட்டிங்ஹாமின் ஷெரிஃப்.

'நாட்டிங்ஹாம் ஷெரிஃப்' என்றதும் ராபின் ஹூட் கதை நினைவுக்கு வரும், அது தவிர்க்க முடியாதது. ஆனால் வரலாற்று நூலில் அவர் 'நாட்டிங்ஹாம்ஷயர், டெர்பிஷயர் ஆகியவற்றின் ஷெரிஃப்'. இரண்டு கவுண்டிக்கு ஒரே ஆள். நகரத்துக்கென்று தனி ஷெரிஃப்கள் வந்தது 1449-ல்தான். நார்ஃபோக்கும் சஃபோக்கும், எசெக்ஸும் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரும் இப்படி இணைந்தவையே. இரண்டு பெயர் வந்தால் இரண்டு ஆட்கள் என்று எண்ணிப் பன்மை வினை போட்டுவிடாதீர்கள். இதற்கு நேர்மாறு லண்டன்: அங்கே ஒரே நேரத்தில் இரண்டு ஷெரிஃப்கள்.

பால் குறித்தும் ஒரு சொல். 1216 அக்டோபரில், ஜான் மன்னர் இறப்பதற்குச் சற்று முன், லிங்கன்ஷயரின் ஷெரிஃபாக நிகோலா டி லா ஹே அமர்த்தப்பட்டார். பெண். அடுத்த ஆண்டு லிங்கன் கோட்டையை முற்றுகையில் காத்துநின்றவரும் அவர்தான். உங்கள் பக்கங்களில் அவரை 'ஷெரிஃபின் மனைவி' என்று திருத்தியிருக்கிறீர்கள். மூலத்தில் பிழை இல்லை, திருத்தத்தை எடுத்துவிடுங்கள். எல்லா ஷெரிஃப்களுக்கும் 'அவர்' என்ற வடிவத்தையே பயன்படுத்தினால் இப்படிப்பட்ட இடங்களில் தடுமாற்றம் இராது.

இனி பதிப்பாசிரியரின் யோசனை. 'மாவட்ட ஆட்சியர்' என்பதில் நியாயம் இருக்கிறது, அதை எளிதில் தள்ளிவிட மாட்டேன். வருவாய், ஒழுங்கு, மேலிடத்து ஆணை, தேர்தல் நடத்துவது ஆகியவை ஒரே கையில் குவிந்திருப்பது கலெக்டர் பதவியை அறிந்தவருக்கு உடனே பிடிபடும். நைட்களைத் தேர்ந்தனுப்பும்படி நாடாளுமன்ற ஆணை ஷெரிஃபுக்குத்தான் வந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானமுள்ள நிலம் வைத்திருப்பவரே வாக்களிக்கலாம் என்று 1430-ல் வந்த சட்டத்தையும் அவர்தான் நடைமுறைப்படுத்தினார். ஆயினும் கலெக்டருக்குச் சம்பளம் உண்டு, குத்தகை இல்லை. வசூல் மிஞ்சினால் அவர் பைக்குப் போகாது. ஷெரிஃபின் நடத்தை முழுவதையும் விளக்குவது அந்த மிச்சம்தான். 'ஆட்சியர்' என்று எழுதினால் அதை வாசகர் கண்ணிலிருந்து மறைத்துவிடுவோம். குறிப்பில் ஒப்பிடுங்கள், பெயராக வைக்காதீர்கள்.

கையெழுத்துப்படியைத் திருத்தும்போது ஒவ்வொரு இடத்திலும் முதலில் ஆண்டைப் பாருங்கள், பிறகு வினைச்சொல்லைப் பாருங்கள். 1066-க்கு முன் அவர் ஷயரில் அரசரின் கணக்காள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிற்றரசர் போன்றவர். பதின்மூன்றில் புகார்களுக்கும் விதிகளுக்கும் நடுவே நெருக்கப்பட்டவர். 1340-ன் சட்டம் பதவிக்காலத்தை ஓராண்டாக்கியது, 1361-ல் அமைதி நீதிபதிகள் (கவுண்டிதோறும் அரசர் அமர்த்திய உள்ளூர் நீதிபதிகள்) முறை உறுதிப்பட்டது, 1461-ல் சுற்று மன்றின் குற்றச்சாட்டுகள் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டன. அதற்குப் பிறகு வருபவர் பெரும்பாலும் ஆணை நிறைவேற்றுபவர்தான். நூலில் ஸ்காட்லாந்து வரும் ஒரு அத்தியாயத்தைத் தனியாக எடுத்துவையுங்கள். அங்கே அதே பெயர் காலப்போக்கில் நீதிபதியைக் குறிக்கலாயிற்று, இன்றும் அப்படியே. அங்கே 'ஷெரிஃப் தீர்ப்பளித்தார்' என்பது சரி.

முன்குறிப்புக்கு இப்படி ஒரு வாசகம் போதும்: 'ஷெரிஃப்: இடைக்கால இங்கிலாந்தில் ஒரு கவுண்டியில் அரசரின் பிரதிநிதி. ஆண்டுதோறும் நிலையான குத்தகைத் தொகையைக் கருவூலத்தில் கட்டி, அரசரின் எழுத்தாணைகளை நிறைவேற்றி, கவுண்டி மன்றையும் சுற்று மன்றையும் கூட்டியவர். லத்தீன் ஆவணங்களில் விசெகோமெஸ். அமெரிக்காவின் காவல் அதிகாரியையோ சென்னையில் 1998 வரை இருந்த கௌரவப் பதவியையோ குறிப்பதல்ல.' இதைச் சொல்லடைவில் பின்னால் போடாமல் முதல் அத்தியாயத்துக்கு முந்தைய பக்கத்தில் போடுங்கள், ஷெரிஃப் உங்கள் நூலில் மூன்றாம் பத்தியிலேயே வந்துவிடுகிறார்.